அரண்மனை, தோட்டம், சந்நிதி: காலை ஏழு முதல் ஒன்று வரை

மனிதனை அடியோடு மாற்றிவிடும் பயணங்கள் உண்டு என்பதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். போனவன் வேறு, திரும்பி வந்தவன் வேறு என்கிற மாதிரியான பயணங்கள். ஆனால் அந்த மாற்றம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று கார்பன் காகிதம் வைத்து நான்கு பிரதி தட்டச்சு செய்தவன் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டான். அதில் ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதியிருப்பதைப் படித்தால் இப்போதும் காது சூடாகிறது.

1998-ஆம் வருடம். எனக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் திருச்சி. கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் வேலை. குவார்ட்டர்ஸ் ஒன்று, சைக்கிள் ஒன்று, நூலக அட்டை மூன்று. இவைதான் சொத்து. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதி வந்தேன். மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது என்பதுவரை இருக்கும். (எதற்கு என்று கேட்காதீர்கள். யாராவது வந்து கேட்டால் சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் வரவில்லை.)

அந்த ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெயர் தேன்மொழி. ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அம்மா இல்லை. அப்பா தணிகாசலம், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை நடத்துவது அவருடைய தங்கை ரஞ்சிதம். அந்த வீட்டில் தணிகாசலம் சார் நேரத்தைப் பார்த்துக்கொண்டார், ரஞ்சிதம் அத்தை மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

என் பெற்றோர் கேசரி சாப்பிட்டார்கள். நான் பேசினேன். குடைவரைகளில் ஆரம்பித்து, கோட்டைகள் வழியாக, அகழிகளுக்கு வந்து சேர்ந்தபோது என் தட்டில் இருந்த கேசரி செங்கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. தணிகாசலம் சார் அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நடுவுல எங்கயாவது ஸ்டாப்பிங் இருக்கா?"

அதற்குத் தேன்மொழி சிரித்தாள். நாட்குறிப்பில் அதைக் குறித்திருக்கிறேன்: 4.52. அந்தச் சிரிப்பை வாழ்நாள் முழுக்கக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது 4.53-க்கு.

இரண்டு வாரம் பதில் இல்லை. விசாரித்ததில், தணிகாசலம் சார் ஏற்கெனவே இரண்டு வரன்களின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியவர் என்று தெரிந்தது. ஒருவன் பெண் பார்க்க இருபது நிமிடம் தாமதமாக வந்தவன். இன்னொருவன் சரியான நேரத்துக்கு வந்து, "உங்க காலத்துல வண்டியெல்லாம் லேட்டாத்தானே ஓடும்" என்று கேட்டவன். என்னைப் பற்றி அவருக்கு இருந்த சந்தேகத்தைத் தரகர் வந்து சொன்னார்: "பையன் புஸ்தகம் மாதிரி பேசறான், வெளிய எறக்கி வுட்டா எப்படின்னு தெரியலையேங்கறாரு."

வெளியே இறக்கி விட்டால்தானே தெரிய வேண்டும்? குடும்பத்தோடு ஒரு நாள் கடற்கரைப் பக்கம் அழைத்துப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சம்மதித்தார்கள்.

இந்த இடத்தில் சாதாரண மனிதனாக இருந்தால் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய், கடலைக் காட்டி, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, கல்யாணத்தை முடித்திருப்பான். நான் அந்த மாதம் முழுக்கப் பழைய அரண்மனைகள், தோட்டங்கள், கோயில்கள் பற்றி நூலகத்திலிருந்து எடுத்து வந்து படித்துக்கொண்டிருந்தேன். பல நாட்டு மனிதர்களும் இவற்றை வெறும் கட்டடங்களாக நினைக்கவில்லை. அரண்மனை வாசலில் மனிதன் தன் பெருமையைக் கழற்றி வைக்கிறான், தோட்டத்தில் மௌனமாகிறான், சந்நிதியில் வேறு ஆளாகிறான் என்பது நான் பிழிந்தெடுத்த சாரம். பாதி புத்தகங்களுடையது, பாதி என்னுடையது. (வில்லங்கமெல்லாம் என்னுடைய பாதியில்தான்.)

இம்மூன்றும் ஒரே சாலையில் கிடைப்பதைக் கண்டுபிடித்ததும் தட்டச்சுப் பொறி முன்னால் உட்கார்ந்தேன். அரண்மனைக்குச் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை. தோட்டத்துக்குச் சாளுவன்குப்பம் புலிக்குகையைச் சுற்றியுள்ள புல்வெளியும் சவுக்கு மரங்களும். சந்நிதிக்குத் திருவிடந்தை. புறப்பாடு 7.00. கோட்டை 8.15 முதல் 9.00. தோட்டம் 9.30 முதல் 10.00. திருவிடந்தை 10.20 முதல் 11.15. செங்கல்பட்டு 1.00. இடையில் திருக்கழுக்குன்றம் மலையேற்றம் ஒன்றும் வைத்திருந்தேன்.

தரகர் கையில் கொடுத்தனுப்பிய அட்டவணை மூன்றாம் நாள் திருத்தப்பட்டு வந்தது. மலையேற்றத்துக்கு எதிரே சிவப்புப் பென்சிலில், 'ரத்து. முட்டி.' கீழே இன்னொரு வரி: 'எந்த இடத்திலும் தாமதத்துக்கு இடம் விடவில்லை. இது ஓடாது.'

பிப்ரவரி 8, ஞாயிறு. வாடகை அம்பாசிடரில் நான் ஏழு மணிக்கு அவர்கள் வாசலில் இருந்தேன். தணிகாசலம் சார் 6.58-லிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தலையசைத்தார். எனக்குப் பட்டம் வாங்கியது போல் இருந்தது. சதுரங்கப்பட்டினத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். காரிலிருந்து இறங்கும்போது தேன்மொழி என்னைப் பார்த்து, "பரவால்லையே" என்றாள். அத்தோடு நான் திருந்தியிருக்கலாம்.

கோட்டைக்குள் புல் இருந்தது, செங்கல் சுவர்கள் இருந்தன, கூரையில்லாத இரண்டு நீளமான கிடங்குகள் இருந்தன, கல்லறைகள் இருந்தன, மூன்று ஆடுகள் இருந்தன. ரஞ்சிதம் அத்தை இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்தார்.

"அரண்மனைன்னியே தம்பி. எங்க கீது?"

"இதுதாம்மா. மீதிய நாமதான் மனசுல கட்டிக்கணும்."

"மனசுல கட்டறதுக்கு காரு எதுக்கு நைனா? வூட்லயே குந்திகினு கட்டியிருப்பனே."

நான் அசரவில்லை. யானை மேல் ஏறுவதற்காகக் கட்டியது என்று காவலாளி சொன்ன ஒரு மேடைக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தினேன். இனிமேல் நடந்ததை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஒரு மஞ்சள் துணிப்பையை விரித்துப் பிடித்து, "இங்க நாம ஒவ்வொருத்தரும் நமக்கு எது பெருமையோ அதைக் கழட்டி வைக்கணும்" என்றேன். எடுத்துக்காட்டாக என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போட்டேன்.

டிரைவர் பாபுதான் முதலில் வாய் திறந்தார். "எனக்கு லைசென்ஸ்தான் சார் பெருமை. அத்த குடுத்துட்டா வண்டிய யார் ஓட்றது?"

"எனக்கு நாக்கு" என்றார் அத்தை. "கழட்டவா?"

"நான் கழட்டி வைக்கிற அளவுக்கு இன்னும் ஒண்ணும் சேர்க்கலைங்க" என்றாள் தேன்மொழி.

மிச்சமிருந்தவர் தணிகாசலம் சார். முப்பத்தொரு வருடப் பணியில் அவர் கையை விட்டு இறங்காத கடிகாரம் அது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கூட்ஸ் வண்டி முழுவதும் மெதுவாகக் கடந்து போனது. பையை நான் மடக்கவில்லை. (இளமை.) கழற்றினார். போட்டார். பையை மேடை மேல் வைத்துவிட்டு நான் சொற்பொழிவைத் தொடங்கினேன்.

இங்கிருந்து எத்தனை வகைத் துணிகள் கப்பலேறின, எந்தெந்தத் தேசத்துக்குப் போயின, கிடங்குகளின் சுவர் ஏன் இவ்வளவு தடிமன் என்று வெயிலில் நிற்க வைத்துச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரங்கள் பையில் இருந்தன. ஆடுகள் நிழலுக்குப் போய்விட்டன என்பது நினைவிருக்கிறது. அப்போது தேன்மொழி கேட்டாள்:

"ஒலகத்துக்கே துணி அனுப்பினாங்கன்னீங்க. இங்க இருந்தவங்க வீட்டுத் துணிய எங்க காயப்போட்டிருப்பாங்க?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அந்த மதில்மேல்தான் என்று அடித்து விட்டிருப்பேன். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அது முகத்தில் தெரிந்தது.

"தெரியலை" என்றேன்.

எனக்கே புதிதாக இருந்தது அந்தச் சொல். குறிப்பேட்டை எடுத்துக் கேள்வியை எழுதிக்கொண்டேன். பக்கத்தில் மணி போட முடியவில்லை. அவள் நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தோடு சொற்பொழிவை முடித்துக்கொண்டேன். எல்லோரும் காருக்கு வந்தோம். பை வரவில்லை.

அது எங்களில் யாருக்கும் தெரியாது. மாமல்லபுரம் தாண்டிச் சாளுவன்குப்பம் வந்து, புலிக்குகை எதிரே புல்வெளியில் ஜமக்காளம் விரித்தோம். அத்தை கட்டி வந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டதும் நான் அடுத்த கட்டத்தை அறிவித்தேன். பத்து நிமிடம் கண்ணை மூடி மௌனமாக உட்கார வேண்டும். காற்று, கடல், சவுக்கு மரம் இவை மூன்றையும் தவிர எதுவும் காதில் விழக்கூடாது.

உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் பாபுவின் குறட்டை காதில் விழுந்தது. அதையும் இயற்கையில் சேர்த்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"பத்து நிமிஷம் ஆயிருக்கும் தம்பி" என்று சொல்லித் தணிகாசலம் சார் இடது கையைத் திருப்பினார்.

நான் கண்ணைத் திறந்து என் கையைத் திருப்பினேன்.

இரண்டு வெறும் மணிக்கட்டுகள். அன்றைய திட்டத்தில் முழுமையாக நிறைவேறிய ஒரே அம்சம், அதன் பிறகு வந்த மௌனம்தான்.

வந்த வழியே திரும்பினோம். கோட்டை வாசலில் காவலாளி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் சொற்பொழிவை முழுவதும் கேட்டவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. "இன்னா சார், பெருமைய இங்கியே வுட்டுட்டுப் போய்ட்டீங்க" என்றார்.

தணிகாசலம் சார் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு மணி பார்த்தார். பத்து ஐம்பது. அந்நேரம் நாங்கள் திருவிடந்தையில் கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோயில் நடை பன்னிரண்டுக்குச் சாத்திவிடுவார்கள். பாபுவிடம், "வேகமா வேணாம். ஆனா எங்கயும் நிக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

திருவிடந்தைப் பெருமாள் தினம் ஒரு கல்யாணம் செய்துகொண்டவர் என்பது அந்தக் கோயிலின் கதை. அதனால் கல்யாணம் ஆகாதவர்கள் அங்கே வந்து, பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, ஒன்பது சுற்றுச் சுற்றுவார்கள். அந்த மாலையை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து, காய்ந்த மாலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும். என் அட்டவணைப்படி மாலை போட்டுக்கொள்பவன் நான் ஒருவன்தான்.

"அது இன்னா நியாயம்?" என்றார் ரஞ்சிதம் அத்தை. "எம் பொண்ணும் கல்யாணம் ஆவாதவதானே. உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. அவங்கவங்க வேண்டுதல் அவங்கவங்களுக்கு."

அர்ச்சனை முடிந்து இருவர் கழுத்திலும் மாலை விழுந்தபோது நடை சாத்தப் பதினைந்து நிமிடம் இருந்தது. ஒருவர் முடித்து மற்றவர் சுற்ற நேரமில்லை. ஒன்றாகச் சுற்றலாமா? கூடவே கூடாது என்றார் தணிகாசலம் சார்.

"இன்னும் ஒண்ணும் முடிவாவலை. ஜோடியா சுத்தினா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? முன்னால அவ போவட்டும். அவ அந்த மூலைய தாண்டினப்புறம் நீங்க பொறப்படலாம். ஒரு செக்‌ஷன்ல ஒரு வண்டிதான்."

அவரே மூலையில் போய் நின்றார். கொடி இல்லை. தோளில் துண்டு இருந்தது. அதை உதறினால் நான் நடக்கலாம். கையை உயர்த்தினால் நிற்க வேண்டும். என் கால் நீளம், எனக்கு எப்போதும் வேகநடை. இரண்டாவது சுற்றிலேயே அவளை நெருங்கிவிட்டேன். கை உயர்ந்தது. நின்றேன். துண்டு அசைந்தது. நடந்தேன். மூன்றாவது சுற்றுக்குள் பிரகாரத்தில் இருந்தவர்கள் பெருமாளை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான்காவது சுற்றில் தேன்மொழியின் மாலை அறுந்தது. அத்தை ஓடிப்போய், கைப்பையிலிருந்து மஞ்சள் நூலை எடுத்து முடி போட்டார். அது முடியும்வரை எனக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. கழுத்தில் மாலையோடு ஒரு தூணருகே நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் விசாரித்தார்.

"வேண்டுதலா?"

"ஆமாம்மா."

"அந்தப் பொண்ணு?"

"அவங்களும் வேண்டுதல்தான்."

"தனித்தனியாவா? ஒரே கார்லதான வந்து எறங்கினீங்க."

நான் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டேன்.

"அந்தப் பெரியவரு இன்னாத்துக்குத் துண்டை வீசிகினு நிக்கறாரு?"

"அவர் ரயில்வே."

"ஓ" என்றார் அந்த அம்மாள், எல்லாம் விளங்கியது போல.

இந்த உரையாடலில் எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. தேன்மொழி ஒன்பதை முடித்து ஓரமாக நின்றாள். நான் எட்டா, ஒன்பதா என்று நின்றேன். தணிகாசலம் சார் ஒன்பது என்றார். நான் எட்டு என்றேன். கோயில்காரர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். குறைந்துவிட்டால் வேண்டுதல் பலிக்காதே என்று பயந்து, துண்டுக்குக் காத்திராமல் ஓட்டமும் நடையுமாக இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"பத்தாவது சுத்து எதுக்கு தம்பி?" என்றார் அத்தை, பிரகாரம் முழுக்கக் கேட்கும்படி. "ரெண்டாங் கல்யாணத்துக்கு இப்பவே சொல்லி வெக்கறியா?"

பிரகாரமே சிரித்தது. தணிகாசலம் சார் துண்டை மடித்துத் தோளில் போட்டார். அவர் சிரிக்கவில்லை.

இனி எனக்கு மிஞ்சியிருந்தது ஒழுங்கு ஒன்றுதான். காரில் முன்சீட்டில் உட்கார்ந்து, இரண்டு மாலைகளையும் வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அலுவலக வரைபடத் தாளில் வெட்டி எடுத்து வந்திருந்த சீட்டுகளைக் கட்டினேன். 'கஜேந்திரன், 8-2-98, திருவிடந்தை.' 'தேன்மொழி, 8-2-98, திருவிடந்தை.' மாறிப் போய்விடக்கூடாது அல்லவா? திருப்போரூரில் டயர் பஞ்சர். செங்கல்பட்டில் அவர்களை இறக்கிவிட்டபோது மணி இரண்டு இருபது. தேன்மொழி தன் பெயர் எழுதிய கவரை வாங்கிக்கொண்டாள். தணிகாசலம் சார், "லெட்டர் போடறேன் தம்பி" என்றார். அந்தக் குரலில் யாரும் நல்ல சேதிக் கடிதம் போட்டதில்லை.

மறுநாள் நூலகத்தில் சாயங்காலம் முழுக்கத் தேடினேன். கிடங்குகளின் நீள அகலம் கிடைத்தது. துணி காயப்போட்ட இடம் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டு முகவரிக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டேன். அது போய்ச் சேருவதற்குள் தணிகாசலம் சாரின் கடிதம் வந்துவிட்டது. தேதி 11-2-98.

'ஐயா, கடந்த 8-ஆம் தேதிப் பயணம் குறித்து. புறப்பாடு: சரியான நேரம். வருகை: 1 மணி 20 நிமிடம் தாமதம். காரணம்: தாங்கள். தங்களுக்கு வேறு நல்ல இடம் அமைய வாழ்த்துகிறேன். ஜாதகம் இத்துடன்.'

ஜாதகத்தைத் தேதிவாரிக் கோப்பில் வைத்தேன். அன்று நாட்குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை. மழை பெய்ததா என்றுகூடத் தெரியாது.

அந்த ஞாயிறு, பிப்ரவரி 15, மாலை நான்கு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் மூன்று பேர். ரஞ்சிதம் அத்தை கையில் ஒயர்கூடை. பின்னால் தணிகாசலம் சார். அவருக்குப் பின்னால் தேன்மொழி. பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். நான் கைலியோடு நின்றேன்.

"வெள்ளிக்கெழம வெளக்கேத்தி வெச்சிட்டு கவரைப் பிரிச்சேன்" என்றார் அத்தை, உட்காராமலேயே. "நான் முடி போட்ட மஞ்ச நூலைக் காணோம். இது எங்க மாலை இல்ல தம்பி. உன்னுது."

ஓடிப்போய் என் சாமி படத்தில் மாட்டியிருந்த மாலையைப் பார்த்தேன். மஞ்சள் நூல் இருந்தது. ஒரு வாரமாகத் தினமும் அதற்கு விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறேன். ஜாதகம் திரும்பி வந்த பிறகும் கும்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

"சீட்டு கட்டினது யாரு?" என்றார் தணிகாசலம் சார்.

"நான்தான் சார்."

"மாறிடக் கூடாதுன்னு கட்டினது."

"ஆமா சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒத்தை லைன்ல வண்டி போவணும்னா டிரைவர் கையில அந்த செக்‌ஷனோட டோக்கன் இருக்கணும். வேற டோக்கன் இருந்தா வண்டி நகரக் கூடாது. இவ மாலை உங்க வூட்ல இருக்கறவரைக்கும் இவளுக்கு நான் வேற எடம் பாக்க முடியாது. உங்களுக்கும் அப்படித்தான். நாளைக்கு இவ புருஷனோட கோயிலுக்குப் போவறப்ப எந்த மாலைய எடுத்துகினு போவா? குடுங்க. மாத்திக்கலாம். அவங்கவங்க வழியப் பாக்கலாம்."

தப்பு சொல்ல முடியாத நியாயம். படத்திலிருந்து மாலையைக் கழற்றி வந்தேன். அத்தை கூடையிலிருந்து என் மாலையை எடுத்து மேசை மேல் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி காய்ந்து சுருண்டிருந்தன. நானே கட்டிய சீட்டுகளை நானே அவிழ்க்க உட்கார்ந்தேன். என் தவறுகளில் ஒன்று சரிப்படுத்தப்படுவதை நான் அவ்வளவு வெறுத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முடிச்சு அவிழவில்லை.

"வேணாம்பா" என்றாள் தேன்மொழி.

"இன்னா வேணாம்?"

"மாத்த வேணாம். இங்கயே இருக்கட்டும்."

"அது உன் மாலைம்மா."

"தெரியும். அன்னிக்கு கார்லயே பாத்தேன். மஞ்ச நூலு இவரு கவருக்குள்ள போச்சு."

தணிகாசலம் சார் மகளைத் திரும்பிப் பார்த்தார். "பாத்துட்டு ஏன் சொல்லலை?"

"நீங்க இன்னும் முடிவாவலைன்னு சொன்னீங்க. நான் முடிவு பண்ணிட்டேன். அதான் சொல்லலை."

அவளே தொடர்ந்தாள்.

"வந்துட்டுப் போன ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுப்பா. நான் கேட்டதுக்குத் தெரியலைன்னு சொன்னது இவர்தான். சொன்னதோட வுடலை." கைப்பையிலிருந்து என் தபால் அட்டையை எடுத்தாள். அத்தை அதைப் பிடுங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து உரக்கப் படித்தார்.

"'துணி காயப்போட்ட இடம் பற்றித் தகவல் இன்னும் கிடைக்கவில்லை. தேடுகிறேன். கஜேந்திரன்.'" அட்டையைத் திருப்பிப் பார்த்தார், வேறு ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை. "ஏண்ணா, பொண்ணுக்கு லெட்டர் எழுதற ஆளுங்களப் பத்தி நெறய கேள்விப்பட்டுகீறேன். இப்பிடி ஒருத்தன் எழுதி நான் கேள்விப்பட்டதில்ல. இவனால ஊர் வம்பு எதுவும் வராது, குடுத்துடலாம்."

தணிகாசலம் சார் மேசை மேலிருந்த மாலைகளைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஜாதகம் இருக்குதா?"

இருந்தது. தேதிவாரிக் கோப்பு ஆயிற்றே. நொடியில் எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன் மாப்ளே. பத்திரிகைல நேரம் நான்தான் எழுதுவேன்."

அவர் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது 4.41-க்கு. கைலியோடு அவர் காலில் விழுந்து எழுந்தேன். நான் பேசாமல் இருந்த அந்த நிமிடத்தைப் பற்றி அவர் பிற்பாடு எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

ஜூன் 5, வெள்ளிக்கிழமை, செங்கல்பட்டில் கல்யாணம். பத்திரிகையில் போட்டிருந்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. அடுத்த வாரம் இரண்டு மாலைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நானும் தேன்மொழியும் திருவிடந்தைக்குப் போனோம். பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். எத்தனை சுற்று என்று அவள் எண்ணிக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் குடும்பத்தோடு போய்விட்டோம். என் மாமனார் அட்டவணை போடுவார், நான் கோட்டையைப் பற்றிச் சொல்வேன், தேன்மொழி எனக்குத் தெரியாத ஒரு கேள்வியாவது கேட்காமல் திரும்பியதில்லை. துணி காயப்போட்ட இடம் இன்னும் கிடைக்கவில்லை. தேடுகிறேன்.

2005 ஜூனில் எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். முதல் நாளைக்கு முந்தைய சாயங்காலம் அவளுடைய நோட்டுகள், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் வெட்டிய தாளில் பெயரும் தேதியும் எழுதி அழகாக ஒட்டி வைத்தேன். ஒட்டி முடித்ததும் தேன்மொழி ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருப்பது எதுவென்று பார்த்துப் பார்த்து வைத்தாள். மகள் ஒன்றும் புரியாமல் தாத்தாவிடம் போனாள்.

"தாத்தா, மேலதான் என் பேரு எழுதியிருக்கே. அம்மா ஏன் தொறந்து பாக்கறாங்க?"

தணிகாசலம் சார் பேத்தியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "எழுதினது யாரு?"

"அப்பா."

"அப்ப தொறந்துதான் பாக்கணும் கண்ணு. உங்கப்பா பேரு எழுதி வெச்சா, உள்ள இருக்கறது வேற ஒருத்தரோடதா இருக்கும். அப்படித்தான் உங்கம்மா இந்த வூட்டுக்கு வந்தா."

இன்றுவரை எங்கள் வீட்டில் நான் பெயர் எழுதிய எதையும் யாரும் திறந்து பார்க்காமல் எடுப்பதில்லை. சமையலறையில் 'மிளகாய்த்தூள்' என்று நான் எழுதி ஒட்டிய டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள். உள்ளே இருப்பது மிளகாய்த்தூள்தான். ஆனால் அதைச் சொல்லி என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.